தராசு அக்காவின் அறுபத்தாறு மெகாஹெர்ட்ஸ்

ஆறு நிமிடம் பத்து விநாடி. கரண்ட் போய்த் திரும்பி வந்தால், எடைமேடை அறையில் இருக்கும் அந்தப் பழைய கம்ப்யூட்டர் கண் விழித்து, சோம்பல் முறித்து, "சரி, இப்ப என்ன வேணும்?" என்று கேட்கிற நிலைக்கு வர ஆகும் நேரம் அது. தராசு அக்கா கைக்கடிகாரத்தை வைத்துப் பல தடவை பார்த்துவிட்டாள். ஒரு நாள்கூட அது தன் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டதில்லை.

அந்த ஆறு நிமிடத்துக்குள் ஜல்லி லாரிகளும் சிமென்ட் லாரிகளும் கேட்டைத் தாண்டிச் சாலை வளைவு வரைக்கும் வால் நீட்டிவிடும். ஹாரன் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிரும். டிரைவர்கள் இறங்கி வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

"அக்கா, உங்க பொட்டி எந்திரிச்சிடுச்சா? இல்ல, நான் வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வந்துடவா?"

"போய்ட்டு வாப்பா. குளிச்சு எத்தனை நாளாச்சோ."

கேட்டவன் பெயர் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவன் 'சடன் பிரேக்'. மேடையில் ஏறுகிற லாரிகள் எல்லாம் மெல்ல ஊர்ந்து வந்து நிற்கும். அவனுடையது மட்டும் பாய்ந்து வந்து, குப்புற விழப்போகிற மாதிரி மூக்கைத் தாழ்த்தி நிற்கும். நின்ற பிறகும் கொஞ்ச நேரம் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் டைப் அடிக்கத்தான் இந்தக் கட்டுமானப் பொருள் யார்டுக்கு வேலைக்கு வந்தாள் அக்கா. எடை போடுகிறவர் ஒரு வாரம் லீவு எடுத்தார்; அந்த வாரம் முடியவே இல்லை. நாற்காலி அவளுடையதாகிவிட்டது. அப்புறம் தானாக ஒரு பழக்கம் வந்தது. லாரி மேடையில் ஏறியதும், திரையைப் பார்க்காமல் டயரைப் பார்ப்பாள். அடியில் எவ்வளவு பிதுங்கியிருக்கிறது, பின்பக்கம் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று கணக்குப் போட்டு, பக்கத்தில் மாட்டியிருக்கும் கரும்பலகையில் தன் மனக்கணக்கை எழுதுவாள். சாக்பீஸைக் கீழே வைத்து, விரல்களைத் தட்டிவிட்டு, நிமிர்ந்தால் திரையில் எடை வந்திருக்கும். அவள் எழுதியதற்கும் அதற்கும் பெரும்பாலும் முப்பது, நாற்பது கிலோதான் வித்தியாசம். தினமும் வருகிற லாரி காலியாக வந்தால் அதுவும் இருக்காது. யார் வண்டி எத்தனை கிலோ என்பது அவளுக்குச் சொந்தக்காரர்களின் பிறந்தநாள் மாதிரி. சடன் பிரேக்கின் காலி லாரி ஒன்பதாயிரத்து இருநூற்று நாற்பது. தராசு அக்கா என்ற பெயர் வந்தது இப்படித்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு தடவை கரண்ட் போயிற்று. இரண்டாவது தடவை வரிசை, வளைவையும் தாண்டிவிட்டது. மேனேஜர் கையில் ஒரு தாளோடு எடை அறைக்குள் வந்தார்.

"ஏம்மா, இது ஆர்டர் படிவம். புது மெஷின். டிரைவரே அட்டையைச் சொருகிட்டு, சீட்டைக் கிழிச்சுக்கிட்டுப் போயிடுவான். உள்ள உக்கார ஆளே வேணாம்."

அக்கா படிவத்தை எட்டிப் பார்த்தாள். ஆளே வேண்டாம் என்றால் யார் வேண்டாம் என்று அவளுக்குப் புரியாமல் இல்லை.

"திங்கக்கிழமை பத்து மணிக்கு முத்திரை ஆய்வாளர் வர்றார். இந்த மேடைக்கு மறுபடி முத்திரை வைக்கிறதா, தூக்கிப் போடுறதான்னு அன்னிக்கே முடிவு. அவர் முன்னாடி நானே மெயினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவேன். ரெண்டு நிமிஷத்துல முதல் லாரிக்கு எடை வரணும். வரலைன்னா இதுல கையெழுத்து."

"சார், வேற கம்ப்யூட்டர் மாத்தினா..."

"அதையும் கேட்டாச்சு. மேடையை இணைக்கிற சர்க்யூட் அட்டை இந்தப் பொட்டியிலதான் உக்காருமாம். புதுசுல அதுக்குப் பொருந்துற இடமே இல்லையாம்."

உண்மைதான். மேடையும் அந்தப் பெட்டியும் ஒட்டிப் பிறந்தவை. அதை விட்டு இது இல்லை.

மேனேஜர் போன பிறகு, அக்கா கம்ப்யூட்டரின் நெற்றியைப் பார்த்தாள். முகப்பில் பச்சை எழுத்தில் 25 என்று ஒளிர்ந்துகொண்டிருந்தது. பத்தொன்பது வருடமாக அது ஏதோ அறையின் வெப்பநிலை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் பழைய உதிரிபாகக் கடைக்குப் போனாள். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள்; மருந்துக்கடை மாதிரி இருந்தது. கடைக்காரருக்கு அவள் வயதுதான் இருக்கும். மூக்குக்கண்ணாடிக்கு மேலே இன்னொரு பூதக்கண்ணாடி மாட்டியிருந்தார். பெட்டியின் பின்பக்கம் ஒட்டியிருந்த எண்ணை அக்கா எழுதிக் கொண்டுபோயிருந்தாள். அதைப் பார்த்ததும் அவர் முகம் பழைய நண்பனைப் பார்த்த மாதிரி மலர்ந்தது.

"அட! இது இன்னும் உசுரோட இருக்கா? இப்ப இதுல இருபத்தஞ்சு மெகாஹெர்ட்ஸ் பிராசசர் இருக்கும். இதே சாக்கெட்டுல அறுபத்தாறு பொருந்தும்."

"அப்ப ரெண்டரை மடங்கு வேகம்!"

"கொஞ்சம் இருங்க அக்கா. மூளையை மாத்தினா மொத்த சிஸ்டமும் பறக்கும்னு நினைக்காதீங்க. பூட் ஆகறது மூளை மட்டும் செய்யற வேலை இல்ல. மெமரி எவ்வளவு..."

அக்கா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அவர் உள்ளங்கையில் வைத்திருந்த பிராசசர் சில்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிஸ்கட்டை விடச் சின்னது. அடியில் பொன்னிறக் கம்பிகள், வரிசை வரிசையாக, ஒரு குட்டி நகரத்தின் விளக்குக் கம்பங்கள் மாதிரி. இரண்டு நிமிடத்துக்கும் ஆறு நிமிடத்துக்கும் நடுவே இருக்கிற தூரம் இவ்வளவுதானா! அதையும், போர்டின் அமைப்புத் தாளின் நகல் ஒன்றையும் வாங்கிக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினாள்.

சனிக்கிழமை யார்டு அரை நாள்தான். லாரிகள் எல்லாம் போன பிறகு, அவள் கணவர் வந்து சேர்ந்தார். அவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். ஸ்குரூ டிரைவரையும், சாப்பாட்டையும், ஓயாத வாயையும் கொண்டுவந்திருந்தார்.

"இதைப் பிரிச்சுத் திரும்பச் சேர்க்க முடியலைன்னா?"

"திங்கக்கிழமை போகப்போற வேலை இன்னிக்கே போகும். அவ்வளவுதானே?"

மூடியைக் கழற்றியதும் பத்தொன்பது வருடத் தூசி இரண்டு பேரையும் தும்ம வைத்தது. ஜல்லித் தூள், சிமென்ட் தூள், இறந்துபோன ஒரு பல்லி. பல்லியை மரியாதையாக எடுத்து வெளியே போட்டார் வாத்தியார். சில்லின் ஓரத்தில் இருந்த குட்டி நெம்புகோலை அக்கா தூக்கினாள். பழைய மூளை பல் விழுகிற மாதிரி சுலபமாக வந்தது. புதியதில் ஒரு மூலை மட்டும் வெட்டியிருந்தது. போர்டில் ஒரு மூலையில் புள்ளி. இரண்டையும் பொருத்தி வைத்ததும் அது தானாக உள்ளே இறங்கி உட்கார்ந்தது. அமைப்புத் தாளைப் பார்த்து, வேகத்தைக் குறிக்கிற, எள்ளளவு இருந்த கறுப்புத் தொப்பிகளை ஒரு கம்பியிலிருந்து இன்னொரு கம்பிக்கு மாற்றினாள்.  

தாளின் கடைசி வரியைப் படித்ததும் சிரித்துவிட்டாள்.

"இதைக் கேளுங்க. முன்பக்கம் வேகப் பொத்தான்னு ஒண்ணு இருக்காம். அழுத்தினா மெதுவாகுமாம். 'மிக வேகமாக ஓடிவிடும் பழைய நிரல்களுக்காக'ன்னு போட்டிருக்கு. மெனக்கெட்டு வேகமாக்கிட்டு, மெதுவாக்க ஒரு பொத்தானாம்!"

"ஏன், எங்க ஸ்கூல்ல வேகம் கத்துக்குடுக்க ரெண்டு நாள் போதும். நிறுத்தக் கத்துக்குடுக்கத்தான் ரெண்டு மாசம்." வாத்தியார் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "இதென்ன, ஒரு வயர் தொங்குது? நீ எதைப் பிரிச்சாலும் ஒண்ணு மிச்சம் வருதே."

இரண்டு கம்பி உள்ள சின்னச் செருகி ஒன்று, எதிலும் சேராமல் தூசிக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

"நான் பிடுங்கலை. முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு, அதை ஓரமாகத் தள்ளிவிட்டாள் அக்கா.

ஸ்விட்சைப் போட்டார்கள். வாத்தியார் கையில் ஸ்டாப் வாட்ச். முகப்பில் மறுபடியும் 25.

"மாறவே இல்லையே! உன்னை ஏமாத்திட்டான்."

"அது சும்மா முகம். அதுக்குப் பின்னாடி தனித் தொப்பி இருக்கு, அதை நாம மாத்தலை. திரையைப் பாருங்க, அறுபத்தாறுன்னு போடுது!"

இருவரும் திரையை விழுங்கிவிடுகிற மாதிரி பார்த்தார்கள். ஒரு நிமிடம். இரண்டு. மூன்று. கடைசியில் எல்லாம் திறந்தபோது நான்கு நிமிடம் முப்பத்தைந்து விநாடி ஆகியிருந்தது.

அக்காவுக்கு உப்புச் சப்பில்லாமல் போய்விட்டது. இரண்டரை மடங்கு எங்கே? வாத்தியார் ஏதோ ஜோக் சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

"மறுபடி போடுங்க," என்றாள். இந்தத் தடவை திரையைப் பார்க்கவில்லை. லாரியில் டயரைப் பார்க்கிற மாதிரி, பெட்டியின் கீழ்ப் பக்கத்தைப் பார்த்தாள். அங்கே ஒரு சிவப்பு விளக்கு அணையவே இல்லை. உள்ளே ஹார்ட் டிஸ்க், எலி மரப்பெட்டியைச் சுரண்டுவது போல 'கர்ர்... கர்ர்...' என்று உழைத்துக்கொண்டிருந்தது.

அவளுக்குச் சட்டென்று பழைய யார்டு ஞாபகம் வந்தது. முன்பெல்லாம் உள்ளே நான்கு லாரிகள்தான் நிற்க முடியும். ஐந்தாவது வந்தால், நிற்கிற ஒன்றை வெளியே அனுப்பி, சுற்றிவரச் சொல்லி, மறுபடி உள்ளே விடவேண்டும். அவள் எவ்வளவு வேகமாக எடை போட்டாலும் ஒன்றும் நடக்காது; நாளெல்லாம் சுற்றுவதிலேயே போகும். அப்புறம் பக்கச் சுவரை இடித்தார்கள். பதினாறு லாரிகள் நின்றன. அன்றோடு தொல்லை விட்டது.

"மெமரி! அவர் மெமரின்னு ஏதோ சொல்ல வந்தார். இதுல நாலு எம்.பி.தான் இருக்கு. மூளை ரெடியா உக்காந்திருக்குங்க, இடம்தான் இல்ல! ஒண்ணை எடுத்து டிஸ்க்ல வெச்சுட்டு, இன்னொண்ணை உள்ள கொண்டுவந்து, மறுபடி அதை எடுத்து... பாவம், சுத்திச் சுத்தி வருது!"

வாத்தியாரின் ஸ்கூட்டர் அன்று போன வேகத்தை அவருடைய மாணவர்கள் பார்த்திருந்தால் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். கடைக்காரர் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"நான்தான் நேத்தே சொன்னேனே அக்கா."

"சொன்னீங்க. நான்தான் காதுல வாங்கலை. பதினாறு எம்.பி. குடுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை, மெமரியை மாட்டியதும் ஒரு நிமிடம் நாற்பது. சிவப்பு விளக்கு இப்போது கண் சிமிட்டியது, முறைக்கவில்லை. அக்காவுக்கு நாக்கில் ருசி கண்டுவிட்டது. கம்ப்யூட்டர் எழுந்ததும் மெமரியை மூன்று முறை எண்ணிப் பார்க்கிற சடங்கை நிறுத்தினாள். இல்லாத ஃபிளாப்பியைத் தேடுவதை நிறுத்தினாள். யாரோ எப்போதோ வைத்துவிட்டுப் போன நாலைந்து சில்லறை நிரல்களைத் தூக்கினாள். ஒவ்வொன்றுக்கும் ஸ்டாப் வாட்ச். ஒரு நிமிடம் இருபத்தெட்டு. ஒரு நிமிடம் இருபது. கடைசியாக ஒரு நிமிடம் பதினான்கு!

"எழுபத்து நாலு விநாடி!" என்று கத்தினாள். காலி யார்டில் அது எதிரொலித்தது. வாத்தியார் கைதட்டினார். பிறகு எடையும் வருகிறதா என்று பார்க்க, அவரே மேடைக்கு நடுவில் போய் அசையாமல் நின்றார். திரையில் 80.

"பொய்! நான் எழுபத்தாறு!"

"லாரிக்கான மேடைங்க இது. உங்க நாலு கிலோவெல்லாம் அதுக்குத் தெரியாது. ஸ்கூட்டரையும் கொண்டாங்க."

அதுவும் சரியாக வந்தது.

திங்கட்கிழமை பத்து மணி. முத்திரை ஆய்வாளர் பையும் பதிவேடுமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சிரிப்பதற்கும் முத்திரை வேண்டும் என்பது போன்ற முகம். மேனேஜர் ஆர்டர் படிவத்தை மேஜையில் விரித்து, மேலே பேனாவை வைத்தார். விஷயம் எப்படியோ வரிசைக்குப் பரவிவிட்டது. டிரைவர்கள் எல்லாம் இறங்கி வந்து ஜன்னலை மொய்த்தார்கள்.

மேனேஜர் மெயினை இறக்கினார். ஏற்றினார்.

"ஒண்ணு... ரெண்டு..." என்று யாரோ ஆரம்பிக்க, மொத்தக் கூட்டமும் சேர்ந்துகொண்டது. முப்பதில் இயங்குதளத்தின் முகம் தெரிந்தது. ஐம்பதில் அக்கா சாக்பீஸை எடுத்துக்கொண்டாள். அறுபத்தைந்து, அறுபத்தாறு. சடன் பிரேக் தன் காலி லாரிக்கு ஓடினான். எழுபத்து மூன்று, எழுபத்து நான்கு! எடைத்திரை பளிச்சென்று திறந்தது. கூட்டம் விசிலடித்தது.

சடன் பிரேக் வழக்கம்போல் பாய்ந்து வந்து, மூக்கைத் தாழ்த்தி நின்றான். அக்கா பலகையில் 9240 என்று எழுதினாள். சாக்பீஸைக் கீழே வைப்பதற்கு முன்பே எடை வந்துவிட்டது.

9390.

"பிரமாதம்! ஒண்ணரை நிமிஷம்கூட ஆகலை," என்றார் மேனேஜர். "எடையும் சும்மா பறக்குது பாருங்க!"

அக்காவின் கையில் சாக்பீஸ் அப்படியே இருந்தது. நூற்றைம்பது கிலோ. வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் முடிந்துவிடும். பேனா மூடியிருந்தது. ஆய்வாளர் பதிவேட்டைத் திறந்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே அந்த லாரி இன்னும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"தப்பு சார்," என்றாள்.

"என்னம்மா தப்பு?"

"எடை. இது இந்த லாரியோட எடை இல்ல."

ஆய்வாளர் முதல் தடவையாக நிமிர்ந்தார். "எப்படித் தெரியும்?"

அக்கா பலகையைக் காட்டினாள். மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். "சாக்பீஸ் சொல்றதைக் கேட்டா மெஷினைத் தப்புங்கற?"

ஆய்வாளர் லாரியை இறங்கச் சொல்லி, தன் வேனிலிருந்த இரும்புப் படிக்கற்களை மேடையில் அடுக்கச் செய்தார். ஐநூறு கிலோ. திரையில் ஐநூறு. "மெஷின் சரியாத்தான் இருக்கு," என்றார்.

"கல்லு ஆடாது சார். லாரி ஆடும்." அவளுக்கே அதைச் சொன்ன பிறகுதான் முழுதாகப் புரிந்தது. என்னங்க, நேத்து நீங்க சிலை மாதிரி நின்னீங்களே என்று மனசுக்குள் கணவரைத் திட்டினாள். "மறுபடி அவனை ஏறச் சொல்லுங்க."

இந்த முறை 9110. இன்னொரு முறை, 9330. 

"முன்னெல்லாம் நான் எழுதி, சாக்பீஸை வெச்சு, கையைத் தட்டிட்டு நிமிர்ந்தாத்தான் எடை வரும். எட்டு விநாடி. இப்ப மூணுலயே வந்துடுது. லாரி ஆட்டம் நிக்கிற வரைக்கும் இந்த நிரல் தனக்குள்ள எண்ணிக்கிட்டு இருக்கும் சார். அது கடிகாரத்தைப் பார்த்து எண்ணலை, வாயால எண்ணுது. புது மூளைக்கு வாய் வேகம். ஆட்டம் நிக்கிறதுக்குள்ள எண்ணி முடிச்சிடுது."

"அப்ப இந்த வேகத்தால பிரயோஜனம் இல்லைன்னு ஆச்சு," என்று மேனேஜர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

'பழைய நிரல்களுக்காக' வைத்த வேகப் பொத்தான்! தொங்கிக்கொண்டிருந்தது அதன் செருகிதான்!

"சார், ஒரு அஞ்சு நிமிஷம். ஆஃப் பண்ணிடறேன்."

"மறுபடி ஆஃப்பா? மறுபடி அது எந்திரிக்கணுமே!"

"எழுபத்து நாலு விநாடிதானே சார்!" அதைச் சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. போன வாரம் இந்த வாக்கியத்தைச் சொல்ல அவளால் முடிந்திருக்காது.

மூடியைக் கழற்றினாள். தாளில் காட்டியிருந்த இடத்தைத் தேடினாள். போர்டின் ஓரத்தில் இரண்டு கம்பிகள் பத்தொன்பது வருடமாகக் காத்துக்கொண்டு நின்றன. செருகினாள். மூடியைக்கூட மாட்டவில்லை.

"இப்ப நீங்களே மெயினைப் போடுங்க சார். முதல்லேருந்து எண்ணுங்க."

மேனேஜர் ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மெயின் ஏறியது. கூட்டம் இந்த முறை அடித்தொண்டையில் எண்ணியது. எழுபத்து நான்கில் திரை திறந்ததும், அக்கா முகப்பில் இருந்த பொத்தானை அழுத்தினாள். டக். சடன் பிரேக் பாய்ந்து வந்து நின்றான். லாரி ஆடியது. அக்கா 9240 என்று எழுதினாள். சாக்பீஸைக் கீழே வைத்தாள். விரல்களைத் தட்டினாள். நிமிர்ந்தாள். திரை காலியாக இருந்தது. ஒன்பது... பத்து... லாரி மூச்சுவிடுவதை நிறுத்தியது. பதினொன்று.

9240.

"அடிச்சா பாரு!" என்று சடன் பிரேக் லாரிக்குள்ளிருந்தே அலறினான். ஹாரன்கள் எல்லாம் ஒன்றாக ஊளையிட்டன. ஆய்வாளர் கடிகாரத்தைத் திருப்பி மேனேஜரிடம் காட்டினார். "ரெண்டு நிமிஷம் இன்னும் ஆகலை. எடையும் சரியா இருக்கு." பிறகு அக்காவைப் பார்த்து, "தப்புன்னு சொல்லாம இருந்திருந்தா நான் கல்லை வெச்சுப் பார்த்துட்டு முத்திரை போட்டுட்டுப் போயிருப்பேன்," என்றார். முத்திரையை எடுத்து மேடைப் பெட்டியின் பூட்டில் அழுத்தினார். அவருக்கு அது சிரிப்பு மாதிரி.

 மேனேஜர் ஆர்டர் படிவத்தைத் திருப்பிப் போட்டு, எழுத எடுத்த பேனாவை வீணாக்காமல், பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எதையோ எழுதினார். அதைக் கொண்டுபோய்ப் பொத்தானுக்கு மேலே ஒட்டினார். 'எழும்பும்போது விடு. எடை போடும்போது அழுத்து.' கையெழுத்துக்கு விட்டிருந்த வெற்றிடம் உள்பக்கமாகப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டது.

"ஏம்மா, நாளைக்கு மறுபடி கரண்ட் போகும்," என்றார் போகிறபோது.

"போகட்டும் சார்!" என்றாள் அக்கா. அவளுக்கு அது சீக்கிரம் போனால் தேவலை என்றிருந்தது.

வரிசை நகர ஆரம்பித்தது. அடுத்த லாரி ஏறியதும் வெளியிலிருந்து நாலைந்து குரல்கள் ஒன்றாக வந்தன: "அக்கா, பொத்தான்!"

"தெரியும்டா," என்று அவள் சாக்பீஸை எடுத்தாள்.